குஞ்சுக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி நான் படிக்கும் கட்டுரைகள் எல்லாம் தீவனம், தடுப்பூசி, பல்பு சூடு என்பதோடு நின்றுவிடுகின்றன. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் கிடையாது. அதற்குத் தின்னக் கற்றுக்கொடுப்பது யார் என்றும் எழுதலாமே.

போன மாதம் இருபது ஒருநாள் குஞ்சுகள் வாங்கினேன். பெட்டியில் செய்தித்தாள் விரித்து (உங்கள் நாளிதழ்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்) மக்காச்சோளக் குருணையைத் தூவினேன். எல்லாம் பல்புக்கடியில் ஒண்டிக்கொண்டு கத்தின. அம்மா குனிந்து விரல் நகத்தால் காகிதத்தை டொக் டொக்கென்று தட்டினார். ஒரு குஞ்சு ஓடிவந்து விரலடியில் கொத்தியது. அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் நாலைந்து. தாய்க்கோழி மண்ணைக் கிளறிக் கொத்திக் காட்டுமே, அந்த வேலையைத்தான் விரல் செய்தது.

எதைத் தொடக்கூடாது என்பதையும் அவை பார்த்தே கற்கின்றன. ஓர் ஆய்வில், கசப்பு தடவிய சிறு பாசிமணியை ஒரு குஞ்சு கொத்திவிட்டுத் தலையை உதறியது. அதைப் பார்த்த பக்கத்துக் குஞ்சு, தான் ருசிக்காமலே அதேபோன்ற மணியைத் தவிர்த்தது. 1998இல் வெளியான ஆய்வு அது. அதிலும் ஒருநாள் குஞ்சுகள்தான்.

சந்தையில் சாயம் பூசிய குஞ்சு ஒன்றே ஒன்றை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள், சேர்த்து இரண்டாவது வாங்குங்கள். முதல் இரண்டு நாள் விரலால் தட்டியும் காட்டுங்கள்.

– ஒரு வாசகர், பரமத்திவேலூர்