புல்லுருவியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வேளாண் பக்கத்தில், முந்திரிக் கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடியைப் பற்றி, "புல்லுருவிக்குப் பச்சை இலை இருப்பதால் அதுவே உணவு தயாரித்துக்கொள்ளும், கையால் பிடுங்கிப் போட்டாலே போதும்" என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பினால் தோப்பு பாழ்.

உணவை அது தானே செய்துகொள்ளும். தண்ணீரும் தாதுச் சத்தும் மரத்தினுடையவை. கோடையில் முந்திரி இலைத்துளைகளை மூடித் தண்ணீரைக் காக்கும்போதும் புல்லுருவி இழுத்துக்கொண்டே இருக்கும். அது உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் கிளை நுனி காய்வது அதனால்தான்.

பிடுங்கினால் இலைக்கொத்துதான் கையோடு வரும். கிளையில் முண்டு கட்டிய உறிஞ்சுவேர் உள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். அதோடு புல்லுருவி பட்டையை ஒட்டிக் கொடியாக ஓடி, வழியெல்லாம் புது உறிஞ்சுவேர் இறக்கியிருக்கும். அந்த ஓட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கும் ஓரடி கீழே, அடிமரத்துப் பக்கமாகக் கிளையையே அறுக்க வேண்டும். அதுவும் பழம் பழுக்குமுன். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, ஒட்டும் விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டால் வேலை இரட்டிப்பு. வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்த பிறகே கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. அடிமரத்திலேயே பிடித்திருந்தால் அறுக்க வழியில்லை, துளிர்க்கத் துளிர்க்க ஒடிக்க வேண்டியதுதான்.

இது முதல் தடவையும் அல்ல. பனையில் முளைத்த ஆலங்கன்றின் படத்துக்குக் கீழே 'புல்லுருவி' என்று போட்டீர்கள். ஆல் பனையை நெருக்கும்; அதன் சாற்றைத் தொடாது. சந்தனக் கன்றைச் சுற்றி ஒரு செடியும் இல்லாமல் சுத்தமாக வைக்கச் சொன்னீர்கள். சந்தனமும் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணிதான் ஐயா! நாற்றுப்பையில் பொன்னாங்கண்ணி, நட்டதும் துவரை, பிறகு சவுக்கு என அதன் வேருக்குத் துணை வேண்டும். அதைப் படித்துத் துவரையைப் பிடுங்கியவர்களின் கன்றுகள் மஞ்சளித்து நின்றதைப் பார்த்தவன் நான். அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

2011 'தானே' புயலில் மரங்களை இழந்து, மறுபடி நட்டு வளர்த்த முந்திரிகள் இவை. "பிடுங்க வேண்டாம், ஓரடி கீழே கிளையோடு அறுக்கவும்" என்ற ஒரு வரித் திருத்தத்தைக் கவாத்து (கிளை வெட்டு) தொடங்குமுன் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்