குட்டி வாங்கும்முன் கேட்க வேண்டிய எக்ஸ்ரே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தென்னந்தோப்புகளில் நாட்டு நாய் காவல் காத்த காலம் போய், லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வீலரும் பெருகிவிட்டன. இப்பெரிய இனங்களில் பரம்பரையாகத் தொடரும் இடுப்பு மூட்டுக் குறைபாட்டைப் பற்றி விற்பவரும் வாய் திறப்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

எங்கள் லேப்ரடார் ஏழாம் மாதத்தில் படியேறத் தயங்கி, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்துத் தாவியபோது, அதை விளையாட்டென்றே ரசித்தோம். விற்றவர் கால்சியம் மருந்து கொடுக்கச் சொன்னார். வளரும் பெரிய இனக் குட்டிக்கு மிகையான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஒன்றரை வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது, தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல், மூட்டுத் தேய்மானமும் தொடங்கியிருந்தது.

இக்குறைபாட்டுக்கு அடிப்படையான மூட்டின் தளர்வைக் குட்டிப் பருவத்திலேயே அறியலாம். மயக்க நிலையில் மருத்துவர் கையால் சோதிப்பது ஒரு வழி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான பென்ஹிப் முறையில், 16 வார வயதிலேயே எக்ஸ்ரே மூலம் தளர்வை அளந்து எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் காலம் மிக முக்கியம்: இடுப்பெலும்பின் முன் இணைப்பிலுள்ள வளர்ச்சிப் பகுதியை வெப்பத்தால் சுட்டு, கிண்ணம் தொடையெலும்பை நன்கு மூடும்படி வளரச் செய்யும் எளிய அறுவை சிகிச்சை ஏறத்தாழ 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் தரும். அறுவை வேண்டாம் என்போரும் குட்டியைக் கொழுக்க விடாமல் வளர்த்தாலே மூட்டு வாதத்தைப் பெருமளவு தள்ளிப்போடலாம். (வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு கோணிச் சாக்கு விரிப்பதற்குச் செலவே இல்லை.)

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன நடுவண் அரசின் 2017 விதிகள். ஆக, வாங்கியவருக்குக் கிடைப்பது சுமார் மூன்று மாதமே. தடுப்பூசிக்காகக் குட்டியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதும் அந்த நாட்களில்தான் என்பதால், அப்போதே இடுப்பையும் சோதிப்பதைக் கேரள, தமிழகக் கால்நடைத் துறைகள் வழக்கமாக்க வேண்டும். இணை சேர்க்கும்முன் தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரேயையும் காட்டும்படி வளர்ப்போரைக் கட்டாயப்படுத்துவதும் அவசியம். வம்சச் சான்றிதழில் மூதாதையரின் பெயர்கள் இருக்குமே தவிர, மூட்டின் நிலை பெரும்பாலும் இருக்காது.

எங்கள் நாயை இணை சேர்க்கக் கேட்டு இதுவரை மூவர் வந்தனர். நிறத்தையும் தலையின் அளவையும் விசாரித்தார்கள். இடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காரணம் சொல்லியே மூவரையும் திருப்பி அனுப்பினோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை