கருவி சொன்ன எண் என்பதற்காக நம்பிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிசோதனைக்கூடங்களின் தரம் பற்றி அண்மையில் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். அளவீடுகளைக் கையால் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டு, கருவியிலிருந்து நேரடியாகக் கணினிக்குப் பெற்றுக்கொண்டால் பிழைக்கு இடமே இராது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இரத்மலானையில் மின்சாதனங்களைச் சோதிக்கும் தனியார் கூடமொன்றில் பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், கையால் குறிப்பதைக் கைவிட வேண்டும் என்பதை மனதார ஏற்கிறேன். பிழைக்கு இடமிராது என்பதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் பிழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு 1.087 என்று திரையில் தெரிவதை 1.078 என்று எழுதாத உத்தியோகத்தரை நான் இன்னும் சந்திக்கவில்லை; நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் கணினி வழியாக வரும் பிழை வேறு வகையானது. கையால் எழுதியவர் தவறினால் ஓரிரு எண்களில் தவறுவார். கணினி கருவிக்கு அனுப்பும் கட்டளை தவறினால் அட்டவணை முழுவதும் ஒரே சீராகத் தவறாக இருக்கும், பார்ப்பதற்கும் மிக நேர்த்தியாக இருக்கும்.

எங்கள் கூடத்தில் நடந்ததையே சொல்கிறேன். நாற்பது சார்ஜர்களின் வெளியீட்டு வோல்ற்றளவை மிக நுட்பமாக அளக்கும் ஆறரை இலக்கப் பல்மானி (மல்டிமீற்றர்) ஒன்றினால் அளந்து, ஒவ்வொரு விடையையும் கணினியில் பதியும்படி ஒரு சிறு நிரல் எழுதப்பட்டது. எழுதியவர் கெட்டிக்கார இளைஞர். நிரலும் தடங்கலின்றி ஓடியது. முடிவில் கிடைத்த அட்டவணையில் முதலாவது சார்ஜருக்கு 12.0417 வோல்ற்று, இரண்டாவதுக்கும் 12.0417, நாற்பதாவது வரை அதே எண். ஒரே அச்சில் வார்த்த சாதனங்களாயினும் நான்காம் தசமதானம் வரை ஒத்துப்போவது நடவாத காரியம் என்று சந்தேகப்பட்ட எங்கள் மூத்த தொழினுட்பவியலாளர், மறுபடி நிரலை ஓடவிட்டு, நடுவில் எதுவும் பேசாமல் பல்மானியின் சிவப்பு வயரைக் கையால் பிடுங்கிவிட்டார். திரையில் அப்போதும் 12.0417 வந்துகொண்டேயிருந்தது.

காரணம் மிக எளியது. புதிய அளவீட்டைத் தொடங்கச் சொல்லும் ‘இனிஷியேட்’ என்ற கட்டளை, ஒவ்வொரு சார்ஜருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான சுழலுக்கு வெளியே ஒரேயொரு தடவை எழுதப்பட்டிருந்தது. சுழலுக்குள் இருந்தது ‘ஃபெட்ச்’ மட்டுமே. ‘ஃபெட்ச்’ எதையும் அளப்பதில்லை, கருவியின் நினைவகத்தில் ஏற்கெனவே கிடக்கும் விடையை எடுத்துத் தருவதுடன் அதன் வேலை முடிந்துவிடும். எத்தனை தடவை கேட்டாலும் அதே விடையைத் தரும், அதில் கருவியின் குற்றம் எதுவுமில்லை. அந்த இடத்தில் ‘ரீட்’ என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அளவீட்டைத் தொடங்கி, அது முடியும்வரை பொறுத்திருந்து, பிறகே விடை வந்திருக்கும். மூன்றாவதாக ‘மெஷர்’ என்ற கட்டளையும் உண்டு. ஒரே வரியில் எல்லாவற்றையும் செய்துவிடுவதால் புதியவர்கள் இதையே விரும்புவார்கள். ஆனால் நாம் முன்பு பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்புகளைக் கலைத்துவிட்டுத் தன் இயல்புநிலை அமைப்புகளுடன் அது அளக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் மூன்றையும் ‘அளவை எடு’ என்று ஒரே தொடரால் சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இக்கட்டளைகள் ஒரு தனி உற்பத்தியாளருக்கு உரியவையல்ல. ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் 1960களின் இறுதியில் தன் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க உருவாக்கிய முறை, 1975இல் ஐஈஈஈ என்ற பொறியியலாளர் சங்கத்தால் ஐஈஈஈ 488 என்ற தரநியமமாக ஏற்கப்பட்டது. ஜிபிஐபி என்று நாங்கள் அழைக்கும், 24 ஊசிகள் கொண்ட அந்தக் கனத்த இணைப்பி அதன் வழிவந்ததே. அது கம்பியை வரையறுத்ததேயொழியப் பேசும் மொழியை வரையறுக்கவில்லை. 1987இல் வந்த 488.2 பொதுவான சில கட்டளைகளையும், 1990இல் வந்த ‘ஸ்கிப்பி’ எனப்படும் மொழி அளவீட்டுக் கட்டளைகளையும் ஒழுங்குபடுத்தின. ஆகவேதான், நட்சத்திரக் குறியிட்டு ஐடிஎன் என்று எழுதி வினாக்குறி போட்டு அனுப்பினால், முப்பது வருடப் பழைய பல்மானியும் நேற்று வாங்கிய அலைவுகாட்டியும் (ஒசிலஸ்கோப்) தத்தம் உற்பத்தியாளர் பெயர், மாதிரி இலக்கம், தொடர் இலக்கம் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் சொல்கின்றன. வினாக்குறி இருந்தால் கேள்வி, இல்லாவிட்டால் ஏவல். இதைவிடச் சுருக்கமான இலக்கணம் வேறெங்கும் கிடையாது.

பிழைகளுக்கு வருகிறேன். அளக்கும் எல்லையை மீறினால் பல்மானியின் முகப்பில் அளவு மீறிவிட்டது என்று எழுத்தில் தெரியும். கணினிக்கோ எழுத்து வராது, 9.9 ஐ 10 இன் 37ஆம் வலுவால் பெருக்கிய பிரமாண்டமான ஓர் எண் வரும். இது தரநியமத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட அடையாள எண். இதை அறியாதவர் நூறு அளவீடுகளின் சராசரியைக் கணினியிடமே விட்டுவிட்டால், அவற்றுள் ஒன்றேயொன்று இவ்வாறு இருந்தாலும் போதும், மற்றத் தொண்ணூற்றொன்பதும் வீண். சராசரி அபத்தமாக இருப்பதால் இந்தப் பிழை எப்படியும் கண்ணில் பட்டுவிடும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

கண்ணில் படாதது பிழைவரிசை. கட்டளையை எழுத்துப் பிழையுடன் அனுப்பினால் கருவி அதை நிறைவேற்றாது. ஒரு ‘பீப்’ ஒலியுடன் தன் பிழைவரிசையில் ‘-113, அறியாத கட்டளை’ என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். நாம் கேட்டால்தான் அந்தக் குறிப்பைத் தரும். வீச்சை, அதாவது அளக்கும் எல்லையை, மாற்றும் கட்டளையில் ஓரெழுத்து தவறிப்போய், பழைய வீச்சிலேயே நாள் முழுவதும் அளந்தவர்களை நான் அறிவேன். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் பிழைவரிசையைக் கேட்டு, பூச்சியம் என்று விடை வந்த பின்னரே அந்த எண்களைப் பதிவில் சேர்ப்பது எங்கள் கூடத்தில் இப்போது கட்டாயம்.

நம் நாட்டுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நமது மின்வழங்கல் 50 ஹேட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். பல்மானி முழுச் சுற்றுகளுக்கு அளவைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போதுதான் மின்கம்பிகளிலிருந்து ஏறும் இரைச்சல் (தேவையற்ற மின்குறுக்கீடு) தானாகக் கழிந்துபோகும். 60 ஹேட்ஸ் நாட்டிலிருந்து கைமாறி வந்த கருவி அந்த அமைப்பிலேயே இருந்தால், ஏறத்தாழ 16.67 மில்லிசெக்கனுடன் அளவை நிறுத்திவிடும். இரைச்சல் கழியாமல் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டேயிருக்கும். கருவி பழுது என்று சொல்லித் திருத்தக் கொண்டுபோவார்கள். சில கருவிகளில் இதையும் ஒரு கட்டளையால் கேட்டறியலாம், மாற்றலாம்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, கருவியின் நினைவகத்தில் நூற்றுக்கணக்கான அளவீடுகளைச் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாக எடுப்போம் என்றிருந்த எங்களுக்கு ஒரு நொடியில் அத்தனையும் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு விடையையும் பெற்றவுடனே, நேரத்துடன் கோப்பில் எழுதுகிறோம். பரிசோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநியமமும் மூல அவதானிப்புகளை அவை செய்யப்படும் நேரத்திலேயே பதிய வேண்டும் என்றுதான் கூறுகிறது. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, தரவுகளைக் கையாளும் மென்பொருளைப் பயன்பாட்டுக்கு விடுமுன் சரிபார்க்க வேண்டும் என்றும் கேட்கிறது. எங்கள் சரிபார்ப்பு மிகச் சாதாரணமானது: நிரல் ஓடும்போது வயர்களின் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிப்போம், பிறகு ஒரு பென்டோர்ச் பற்றரியைத் தொடுவோம், பிறகு வயரைப் பிடுங்கிவிடுவோம். முதலில் பூச்சியத்தை ஒட்டியும், பின்னர் ஒன்றரை வோல்ற்றை ஒட்டியும், கடைசியில் இரண்டிலும் சேராத ஓர் எண்ணும் வராவிட்டால் நிரல் திரும்பி எழுதியவரின் மேசைக்கே போகும்.

உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் கற்று எங்களிடம் பயிற்சிக்கு வரும் தமிழ்மொழி மூல மாணவர்கள் வோல்ற்றுமானியையும் அலைவுகாட்டியையும் நன்றாகவே கையாளுகிறார்கள். ஆனால் அக்கருவியைத் திருப்பி, பின்புறத்திலுள்ள யூஎஸ்பி, வலையமைப்புத் துளைகளைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால், மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு என்கிறார்கள்; கட்டளைகள் போவதும் விடைகள் வருவதும் அவ்வழியாகவே என்பதை அறியார்கள். குறை அவர்களுடையதன்று, அத்துளைகளை மூடியிருக்கும் ரப்பர் மூடியை யாரும் அவர்கள் முன்னால் கழற்றிக் காட்டவில்லை. கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதவிருப்பதாக அறிவித்திருப்பதால், ‘ரீட்’, ‘ஃபெட்ச்’ ஆகிய இரண்டுக்குமுள்ள வேறுபாட்டையும், பிழைவரிசையைக் கேட்கும் முறையையும் அதில் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் சேர்க்கும்படி தங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்பது சார்ஜர்களின் அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் படியெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
பரிசோதனைக்கூட உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.