லோகோவுக்கு முதல் தூளை முடிவு செய், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நீ தொடங்கப்போகிற தூள் வியாபாரத்துக்கென்று வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று லோகோவையும் பார்த்தேன். மூன்றும் வடிவாகத்தான் இருக்கின்றன, பனைமரம் போட்டது எனக்குக் கூடப் பிடித்தது. எது நல்லது என்று ஒரு வரியில் சொல்லுங்கோ அம்மா என்று கேட்டிருந்தாய். இரவு முழுக்க யோசித்தும் அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை, அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். லோகோவுக்குக் கீழே நீ அனுப்பிய பட்டியலில் பன்னிரண்டு சாமான் இருக்கின்றன: கறித்தூள், மீன்தூள், இறைச்சித்தூள், ரசத்தூள், ஒடியல் மா, குரக்கன் மா என்று அது நீண்டுகொண்டே போகிறது, எல்லாம் தைப்பொங்கலுக்குள் கனடாவில் ஸ்காபரோ கடைகளுக்கு வந்துவிட வேண்டும் என்கிறாய். என்னைத் தூங்கவிடாதது அந்தப் பட்டியல்தான்.

உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பித்த காலத்தில் சந்தைப்படுத்தல் கலவை என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. 1960இல் மக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதை, அதாவது விற்கிறவர் முடிவு செய்ய வேண்டியவற்றை, பொருள், விலை, இடம், மேம்படுத்தல் (சனத்துக்குத் தெரியப்படுத்துவது) என்று நாலாக வகுத்தார். பிள்ளைகள் நாலையும் மனப்பாடம் செய்து புள்ளி எடுத்துவிடுவார்கள், நானும் சரி போட்டுவிடுவேன். பொருள் ஏன் முதலில் நிற்கிறது என்பது எனக்கே சரியாக விளங்கியது பள்ளிக்கூடத்தில் இல்லை, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அந்த இரண்டு அறை வீட்டின் குசினியில்தான்.

உனக்கு அப்போது ஆறு வயது, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். சம்பளம் வாடகைக்கே சரியாகப் போனதால் சனிக்கிழமைகளில் அப்பாவும் நானும் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ச் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வருவோம். நாட்டாமிமார் மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒதுங்க இடமில்லாமல் நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். வீட்டுக்கு வந்து காம்பு கிள்ளி, பல்கனியில் பேப்பர் விரித்துக் காயவைத்து, ஞாயிறு காலையில் வறுப்பேன். மல்லி ஒரு பக்கம், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு ஒரு பக்கம், கறிவேப்பிலை கையில் நொறுங்குகிற வரைக்கும், வெந்தயம் கடைசியில். வெந்தயம் ஒரு நிமிடம் கூடக் கிடந்தால் முழுத் தூளும் கசந்துவிடும், அதனால் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் போகமாட்டேன். பிறகு மில். மில்லில் எனக்கு முன்னால் ஆரோ கடலையோ அரிசியோ அரைத்திருப்பார்கள், அது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்காக என் மல்லியிலேயே இரண்டு பிடியை முதலில் போட்டு ஓடவிட்டு அந்த மாவைத் தனியே எடுத்துவிடச் சொல்லுவேன். இரண்டு பிடி மல்லி வீண்தானே என்று மில்காரர் ஒவ்வொரு தரமும் கேட்பார்.

பையைக் கட்ட ஒன்றும் இல்லாமல், பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்த அன்ரி தந்த பச்சை நூலால் கட்டினேன். நான் ஒரு பெயரும் வைக்கவில்லை. மூன்று மாதத்தில் பம்பலப்பிட்டியில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் ஆட்கள் வந்து "பச்சை நூல் தூள் இருக்கோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பெயர் அவர்கள் வைத்தது.

அடுத்ததாக நான் சொல்லப்போவதை நீ முன்பு கேட்டிருக்கமாட்டாய். ஒரு தீபாவளிக்கு ஓடர் கூடிவிட்டது. வழமையான கடையில் செத்தல் முடிந்துபோக, இரண்டு கடை தள்ளி மலிவாகக் கிடைத்ததை வாங்கிவிட்டேன். நிறம் நல்ல சிவப்பு, உறைப்பு இல்லை, வெயிலும் காணவில்லை. எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் பச்சை நூலால் கட்டினேன். ஒரு கிழமை கழித்துப் பம்பலப்பிட்டி மாமி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து பையை மேசையில் வைத்தார். கூடாத தூள் என்று அவர் சொல்லவில்லை. "இது உன்ர தூள் இல்லைப் பிள்ளை" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை, அடுத்த தரம் சரியாகச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார். பிராண்ட் என்று நீ சொல்லுகிற அந்தச் சாமான் என் நூலில் இல்லை, அந்த மாமி தன் நாக்கில் வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பெரிய கொம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. கொக்கா கோலா 1985 ஏப்ரலில் தன் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 இலட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், புதியதுதான் நல்லது என்று கூடுதலானவர்கள் சொன்னார்கள். ஆனால் கடைக்கு வந்ததும் சனம் கொதித்துப்போய், 79 நாளில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்லுகிற பதிலும் வருடக்கணக்காக வீட்டில் வைத்திருக்கிற சாமானும் ஒன்றில்லை. அதனால் உன் கூட்டாளிகள் பத்துப் பேருக்கு ருசி பார்க்கக் கொடுத்து எல்லாரும் சுப்பர் என்றார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யாதே. அவர்களிடம் அரைக் கிலோ கொடு, முடிந்த பிறகு தாங்களாகக் கேட்கிறார்களா என்று பார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆருக்கு விற்கப்போகிறாய் என்று இன்னும் நீ எழுதவில்லை. தமிழ்ச் சனத்துக்கு என்றால் அது பதில் ஆகாது. அங்கே இருக்கிற என் வயதுப் பெண்கள் உன் தூளை வாங்கமாட்டார்கள், ஏனென்றால் இங்கே இருந்து போகிற ஒவ்வொருவருடைய பெட்டியிலும் இரண்டு கிலோ தூள் போகிறது, தங்கச்சி வறுத்தது, மச்சாள் இடித்தது. உனக்குப் போட்டி கடைத்தட்டில் இருக்கிற பக்கற்றுகள் என்று நினைத்து அவற்றின் விலையை எல்லாம் எழுதி வைத்திருக்கிறாய், ஆனால் உண்மையான போட்டி அந்தப் பயணப் பெட்டிதான், அதற்கு விலையே இல்லை. அப்படியானால் பெட்டி வராத வீடுகளைப் பார். உன் வயதுப் பிள்ளைகள், கிழமையில் இரண்டு நாள் மட்டும் சமைக்கிறவர்கள், அம்மாவின் குழம்பு வேண்டும் ஆனால் எவ்வளவு தூள் போடுவது என்று தெரியாதவர்கள். ஒரு கிலோ வாங்கினால் பாதியில் வாசம் போய்விடும், அவர்களுக்கு நூறு கிராம், நூற்றைம்பது கிராம் போத்தல்தான் சரி. நாலு பேருக்கு ஒரு கோழிக்கறி என்றால் எத்தனை கரண்டி என்று மூடியிலேயே எழுது. உறைப்பு எவ்வளவு, போத்தல் எவ்வளவு, விலை எவ்வளவு, எந்தக் கடை என்று எல்லாம் அந்த ஒரு ஆளைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும், லோகோவும் அப்படித்தான்.

அதற்குப் பன்னிரண்டு சாமான் வேண்டாம் மகள், ஒன்று போதும். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு லேபிள், பன்னிரண்டு இருப்பு, பன்னிரண்டு காலாவதித் திகதி, ஒடியல் மா தட்டில் கிடந்து பூச்சி பிடித்தால் அதன் பெயர் கறித்தூளுக்கும் வரும், ஏனென்றால் இரண்டிலும் ஒரே பனைமரம். கறித்தூள் ஒரு வருடம் ஒரே மாதிரி போகட்டும், அதை வாங்கினவர்களே மீன்தூள் இல்லையா என்று கேட்பார்கள், அப்போது செய்.

பெயரில் 'சிலோன்' போடலாமா என்று கேட்டாய். 1972இல் நாட்டின் பெயரே மாறியும் தேயிலை மட்டும் சிலோன் தேயிலையாகவே நின்றது, அந்தப் பெயரின் பெறுமதி அப்படி. ஆனால் அதைக் காவல் காக்கிறார்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னத்தைப் போடுவதென்றால் முழுக்க இங்கத்தைத் தேயிலையாக இருக்க வேண்டும், இங்கேயே பொதியிட்டிருக்கவும் வேண்டும். கறுவாவுக்கும் 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடு, அதாவது அந்த இடத்துச் சாமானுக்கு மட்டும் அந்தப் பெயர் என்கிற காப்பு, கிடைத்தது. உன் தூளை யோசித்துப் பார், நாலாம் குறுக்குத் தெருவில் நான் வாங்கிய செத்தலும் மல்லியும் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து கப்பலில் வந்தவைதான். யாழ்ப்பாண முறையில் வறுத்தது என்று சொல், அது உண்மை. சிலோன் தூள் என்று போட்டால் ஒருநாள் ஆராவது கேட்பார்கள், உன்னிடம் பதில் இருக்காது. டில்மா தேயிலைக் கொம்பனியை நடத்திய மெரில் பெர்னாண்டோ என்ன செய்தார் என்று பார். எங்கள் தேயிலை மொத்தமாகப் போய் வெளிநாட்டில் கலந்து ஆருடையோ பெயரில் விற்கப்பட்ட காலத்தில், இங்கேயே பொதியிட்டுத் தன் பெயரில் விற்பேன் என்று 1980களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். பெயர் தன் பிள்ளைகள் டில்ஹான், மாலிக் இருவருடைய பெயரையும் சேர்த்தது. தேயிலை என்றோ இலங்கை என்றோ அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, ஆனால் வேறு ஒருவரும் அதை எடுக்க முடியாது.

அதுவும் முக்கியம். என் பச்சை நூலை இரண்டு வருடத்தில் வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். அதே பை, அதே நூல், அதே வீதியில் ஒரு கடையில் தொங்கியது. என்னிடம் ஒரு கடுதாசியும் இல்லை. இங்கே 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியைப் பதிந்தால் பத்து வருடத்துக்கு உன்னுடையது, பிறகு புதுப்பிக்கலாம், ஆனால் அந்தப் பதிவு கனடாவில் செல்லாது, அங்கே தனியாகப் பதிய வேண்டும். பொருளின் பெயரையே பெயராக வைத்தால் பதிவதும் கஷ்டம், 'நல்ல கறித்தூள்' என்பதை ஒருவர் மட்டும் தனக்கென்று வைத்திருக்க விடமாட்டார்கள்.

லேபிளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கடுகை மறந்துவிடாதே, கனடாவில் அது ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது, சேர்த்தால் கட்டாயம் எழுத வேண்டும். நீ அரைக்கக் கொடுக்கிற இடத்தில் உனக்கு முன்னால் என்ன அரைக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார், இரண்டு பிடி மல்லி அங்கேயும் வேண்டும்.

விலையைப் பற்றி ஒன்று மட்டும். 2020இல் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறினபோது அரிசிமா கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். நான் மஞ்சளைக் குறைக்கவில்லை, விலையைக் கூட்டி, ஏன் கூட்டினேன் என்று துண்டு எழுதிப் பைக்குள் வைத்தேன். சிலர் நின்றுவிட்டார்கள், பம்பலப்பிட்டி மாமியின் மகள் இன்றைக்கும் வாங்குகிறாள். உன் கணக்கில் சாமான் விலை முப்பது வீதம் ஏறினால் என்ன செய்வாய் என்று ஒரு பக்கம் எழுதி வை.

ஞாயிறு இரவு பக்கத்து வீட்டு அண்ணை ரொறன்ரோ வருகிறார், அவரிடம் ஒரு கிலோ கொடுத்துவிடுகிறேன், நாலு காற்கிலோப் பையாக, பச்சை நூல்தான். ஒரு பையை இப்போதே திற. மற்ற மூன்றையும் திகதி எழுதி அலுமாரியில் வை, ஒவ்வொரு மாதமும் ஒன்றைத் திறந்து மணந்து பார், அதே கறியை அதே அளவில் வைத்துப் பார், எந்த மாதத்தில் வாசம் இறங்குகிறது என்று எனக்கு எழுது. அதற்குப் பிறகு லோகோவைப் பற்றிக் கதைப்போம்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை