எல்லாவற்றையும் துதிப் புத்தகம் என்று தள்ளாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களுக்காக எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவை அத்தனையும் ஓட்டுக்காக எழுதிய துதிப் புத்தகங்கள், இன்று படிக்க ஒன்றுமில்லை என்கிறார் கட்டுரையாளர். பல ஆண்டுகள் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பொய் இருந்தது, சரி. 1840இல் அதிபர் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடிசையில் வாழும் எளிய மனிதராகக் காட்டினார்கள். அவர் பிறந்ததோ வர்ஜீனியாவின் பெர்க்லி பண்ணை மாளிகையில். தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்.

ஆனால் 1852இல் நத்தானியல் ஹாதார்ன் தன் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸுக்காக எழுதியதைப் பாருங்கள். அடிமைமுறை தீமைதான், ஆனால் அதை மனித முயற்சியால் தீர்க்க முடியாது, இறைவன் தகுந்த காலத்தில் மறையச் செய்வார் என்று அதில் எழுதுகிறார். பெரிய எழுத்தாளர், வடக்கே மாசசூசெட்ஸ்காரர். அவரைப் போன்றவர்கள் எப்படித் தங்கள் மனசாட்சியைத் தூங்கவைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா? வகுப்பில் அந்தப் பகுதியை வாசித்தால் மாணவர்களுக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும். பியர்ஸ் வென்றார், ஹாதார்னுக்கு இங்கிலாந்தின் லிவர்பூலில் அமெரிக்க கான்சல் (தூதரக அதிகாரி) பதவி கிடைத்தது. 1854இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் கையெழுத்திட்டு, புதிய பகுதிகளுக்கு அடிமைமுறை பரவ வழி திறந்துவிட்டவர் இதே பியர்ஸ்தான்.

அப்புறம் லிங்கன். 1860இல் அவர் வரலாற்றை எழுதிய வில்லியம் டீன் ஹவல்ஸுக்கு வயது 23. அவர் லிங்கனை நேரில் போய்ப் பார்க்கக்கூட இல்லை. வேறொருவர் திரட்டிக் கொடுத்த குறிப்புகளை வைத்து எழுதினார். நண்பர் ஒருவர் கேட்டதற்காக லிங்கன் அந்தப் புத்தகத்தைப் பென்சிலால் திருத்திக் கொடுத்தார். சட்டமன்றத்துக்காக, இல்லினாய் மாநிலத்தின் அன்றைய தலைநகரான வண்டேலியா வரை லிங்கன் சுமார் 100 மைல் நடந்தே போனார் என்று ஹவல்ஸ் எழுதியிருந்தார். ஓட்டு வாங்கித் தரும் வரி அது. ஓரத்தில் லிங்கன் எழுதியது: ‘உண்மையானால் கேடில்லை, ஆனால் உண்மையல்ல.’ தேர்தல் நெருங்கும் நேரத்தில், தனக்குப் பெருமை சேர்க்கும் ஒரு கதையை அவரே மறுத்திருக்கிறார். அந்த மனிதரைப் புரிந்துகொள்ள இது பயன்படாதா?

அந்தத் திருத்தப் பிரதி பின்னாளில் அப்படியே நகலாக அச்சிலும் வந்திருக்கிறது. கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் லிங்கனின் ஓரக்குறிப்புகளில் சிலவற்றையும், அடிமைமுறை பற்றி ஹாதார்ன் எழுதிய பத்தியையும் தமிழில் தந்து வாசகர்களையே முடிவு செய்ய விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை