சீட்டு விற்கும் சேச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

தம்பி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத மனம் வரவில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த மடலைப் போடுகிறேன்.

முதல் நன்றி, களியக்காவிளை தாண்டி கேரளப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்கும் சேச்சிக்கு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். நமக்குத்தான் எல்லை பஸ் ஏறும் தூரமாயிற்றே. போனில் ரம்மி ஆடி வந்த கடனைச் சீட்டு விழுந்தால் அடைத்துவிடலாம் என்று தம்பி அவரிடம் போய்க்கொண்டிருந்தான். அன்று சீட்டு கேட்கவில்லை. பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டு, "இனி வரமாட்டேன் சேச்சி" என்றிருக்கிறான். திருந்திவிட்டான் என்று யாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவருக்கோ அந்த முகம் சரியாகப் படவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்து, "சாகணும்னு தோணுதா மோனே?" என்று நேராகவே கேட்டிருக்கிறார். தம்பி உடைந்து அழுதுவிட்டான். நல்ல வியாபார நேரம் அது. தட்டை மூடி வைத்துவிட்டு, நான் போய்ச் சேரும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தார்.

அப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்றுதான் நம்மில் பலர் பயப்படுகிறோம். தூண்டாது, அடைத்து வைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும் என்றார் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டர். சூதாட்டமும் குடியைப் போல அடிமையாக்கும் நோய்தானாம். தம்பிக்கு மனச்சோர்வு முன்பே இருந்திருக்கிறது. ஆடும்போது அது கொஞ்சம் மறந்தது, கடன் ஏற ஏற இன்னும் கூடியது. ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்த டாக்டருக்கும் வார்டு நர்சுகளுக்கும் நன்றி. அன்று ராத்திரி 14416 என்ற மனநல உதவி எண்ணில் பொறுமையாகப் பேசிய பெண், தம்பிக்குப் பதிலாக ரப்பர் பால்வெட்டுக்குப் போன கூட்டாளிகள், தவணை கேட்டு வாசலில் நிற்காமல் அவகாசம் தந்தவர்கள், கஞ்சி கொண்டுவந்த அக்காமார், எல்லோருக்கும்தான்.

ஏடிஎம் கார்டைத் தம்பி தானாகவே மனைவி கையில் கொடுத்துவிட்டான். கடன்காரர்கள் போன் இனி எனக்கு வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, தனியாக ஆஸ்பத்திரி போகத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளத்துக்கு நான் கூட வருகிறேன்.