கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாதே

திருநெல்வேலி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில், "கண்ணாடிக் கடையில் டெஸ்ட் பண்ணினேன், பவர் மாறவில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அது மனதை உறுத்துகிறது. உனக்குச் சர்க்கரை வந்து எத்தனை வருஷமாகிறது!

கடையில் பார்த்தது பவர் மட்டும்தான். சர்க்கரை கை வைப்பது கண்ணுக்குள்ளே பின்பக்கம், விழித்திரையில். அங்கே மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் வீங்கிக் கசியும். வலிக்காது, சிவக்காது. விழித்திரையின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்வரை போர்டில் கடைசி வரியைக்கூட நீ கடகடவென்று படித்துவிடுவாய். பார்வை மங்கிய பிறகு போனால், இருப்பதைக் காப்பாற்றத்தான் லேசரும் ஊசியும் பெரும்பாலும் உதவும். போனதை முழுசாக மீட்பது கஷ்டம்.

இதெல்லாம் மகள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அவள் இப்போது எம்.எஸ். கண் மருத்துவம் படிக்கிறாள். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், அதற்கு மேல் இது மூன்று வருஷம். விழித்திரைக்கு என்று தனிப் பயிற்சி எடுப்பதானால் இன்னும் படிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முதலில் ஆட்டுக்கண்ணில்தான் கை பழகுகிறார்களாம். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலில் தையல் போட வேண்டும். கண்புரை எடுக்கும்போது இரண்டு கையிலும் கருவி இருக்கும். மைக்ரோஸ்கோப்பை ஒரு காலாலும், புரையை உடைத்து உறிஞ்சும் மெஷினை இன்னொரு காலாலும் இயக்க வேண்டும். புரைக்கு அடியில் இருக்கும் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான். அது கிழியாமல் இருந்தால்தான் புது லென்ஸ் ஒழுங்காக உட்காரும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மதுரை டாக்டர் வெங்கடசாமியை நினைத்துப் பார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு நீ கண் டாக்டரைப் பார்க்காமல் இருக்கலாமா?

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. பார்வையைச் சோதிக்க முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால், சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதுமே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பார். நீ சொன்னாயா?

சரி, இந்த வாரமே போ. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல். கண் அழுத்தத்தையும் பார்த்துவிடு. மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெயில் கூசும். அதனால் வண்டியை எடுக்காதே, தம்பியைக் கூட்டிக்கொண்டு போ. ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

அப்புறம், டாக்டர் சீட்டில் என்ன எழுதினார் என்று அப்படியே எனக்கு எழுது. மகளிடம் காட்டிக் கேட்கிறேன். தங்கச்சியிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு. நீ தள்ளிப்போட்டால் அவர் விடமாட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்